கழுத்து நாடியை ஸ்கான் பண்ண வேண்டுமா?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்களைப் போல வைத்தியத்துறையில் இருக்கும் பழைய மாணவிகளிடம் மூத்த அக்காமார் அடிக்கடி கேட்பது ஒன்று: “பிள்ளை, முழு உடம்புச் செக்கப்போடை கழுத்து ஸ்கானும் செய்யினமாம். செய்யட்டோ?”

குரல்வளையின் இரு பக்கமும் விரல் வைத்தால் துடிப்பவைதான் மூளைக்குக் குருதி கொண்டுபோகும் பெரிய நாடிகள். ஒவ்வொன்றும் மேலே இரண்டாகப் பிரியும் இடத்தில் கொழுப்புப் படியும். அதிலிருந்து ஒரு துணிக்கை கழன்று மூளைக்குப் போனால் பாரிசவாதம் வரலாம். இந்த நாடிகள் தோலுக்குக் கிட்ட இருப்பதால் ஊசியோ கதிர்வீச்சோ இல்லாமல் அல்ட்ரா சவுண்டில் பார்த்துவிடலாம். சுவரின் தடிப்பும் படிவும் படத்தில் தெரியும். டொப்ளர் குருதியின் வேகத்தைக் காட்டும். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அமத்தினால் பீச்சுமே, அதுபோல ஒடுங்கிய இடத்தில் குருதி வேகமாகப் பாயும். வேகம் செக்கனுக்கு 230 சென்ரிமீற்றரைத் தாண்டினால் 70 சதவீதமோ அதற்கு மேலோ ஒடுங்கியிருப்பதாகக் கணிக்கிறோம்.

இந்த ஸ்கான் கட்டாயம் வேண்டியவர்கள் அதைக் கேட்டு வருவதில்லை. ஒரு கை திடீரெனச் சோர்ந்து தேத்தண்ணிக் கோப்பை நழுவுகிறது, அல்லது வாய் குழறுகிறது, அல்லது ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் இருள்கிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரி. “பிரஷர் கூடிப்போச்சு, படுத்தெழும்பச் சுகம்” என்று எங்கள் பெண்கள் இருந்துவிடுகிறார்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்வதில்லை. இப்படியான அறிகுறி கண்டு, நாடி 70 சதவீதத்துக்கு மேல் ஒடுங்கியவர்களை வட அமெரிக்காவில் ஆராய்ந்து 1991இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் அதே பக்கத்தில் பாரிசவாதம் வந்தது. சத்திரசிகிச்சை செய்தவர்களில் 9 பேருக்குத்தான். அந்த நன்மையும் முதல் இரண்டு கிழமைக்குள் செய்தால்தான் முழுதாகக் கிடைக்கும்.

எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு ஒடுக்கம் தேடி ஸ்கான் செய்ய வேண்டாம் என்றே அமெரிக்காவின் நோய்த் தடுப்புச் செயலணி 2014இலும் 2021இலும் சொன்னது. அவர்களில் கடும் ஒடுக்கம் அரிது. இல்லாததை இருப்பதாகக் காட்டினால் மேலும் பரிசோதனைகள், சிலவேளை சத்திரசிகிச்சை. அந்தச் சத்திரசிகிச்சையே சிலருக்குப் பாரிசவாதத்தைக் கொண்டுவரும்.

ஆனாலும் படத்துக்கு ஒரு பலன் உண்டு. சுவீடனில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்ட ஓர் ஆய்வில், தங்கள் நாடியின் படத்தைக் கண்டவர்களுக்கு ஒரு வருடத்தின் பின் இருதய நோய் ஆபத்து மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. கொழுப்புக் குளிசையை ஒளித்து வைக்கும் அக்காமாருக்கு இது உதவலாம். குளிசை தொடங்க ஸ்கான் தேவையில்லை என்பது வேறு கதை!

ஏற்கெனவே ஸ்கான் செய்து, ‘சிறிய படிவு’ என்று அறிக்கை வந்திருந்தால் பயப்பட வேண்டாம். அதற்கு வெட்டுவதில்லை. பிரஷர், சீனி, கொழுப்பு மூன்றையும் இன்னும் கவனமாகப் பார்ப்போம். அறிக்கையை அலுமாரியில் வைக்காமல் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோங்கள். கை சோர்ந்தால் மட்டும், திரும்ப எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் 1990க்கு எடுங்கள்.