பினாங்கில் ஒரு பகல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கடலைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்திருக்கிறார். மலையடிவாரத்தில் பிறந்து, தமிழாசிரியனாக இங்கேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். குற்றாலத்து அருவியும் சிற்றாறும் குளத்து மடையும்தான் நான் அறிந்த நீர். ஆயினும், சென்ற ஆண்டு சிங்கப்பூரில் பணிபுரியும் என் மகள் வற்புறுத்தி என்னை ஒரு சுற்றுலாக் கப்பலில் ஏற்றினாள். அக்கப்பல் ஒரு நாள் காலை 8 மணிக்குப் பினாங்குத் துறைமுகத்தை அடைந்தது. மாலை 5 மணிக்குள் அனைவரும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்த ஒன்பது மணி நேரத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

எனக்கு அந்த ஊரில் ஒரு வேலை இருந்தது. என் தாத்தா 1937-ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குச் சென்றவர். என் தந்தைக்கு அப்போது மூன்று வயது. நான்கு ஆண்டுகள் கடிதமும் பணமும் வந்தன. 1941-ஆம் ஆண்டு ஐப்பசியில் வந்த கடிதமே கடைசி. அதன் உறையில் 'சூலியா தெரு, பினாங்கு' என்று மட்டுமே இருக்கிறது, கதவிலக்கம் இல்லை. ஆச்சி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. தாத்தாவுக்குத் திதி கொடுப்பதா வேண்டாமா என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை முடிவாகாத வழக்கு. நாள் தெரியாமல் எந்தத் திதியில் கொடுப்பது?

விடியற்காலையில் மேல்தளத்தில் நின்றபோது வடக்கே தொலைவில் ஒரு மலை நீலமாகத் தெரிந்தது. கெடா மாநிலத்து ஜெராய் மலை அது என்றார்கள். பண்டைய மாலுமிகள் அதனைக் குறியாகக் கொண்டு கலம் செலுத்தினர். அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோயில்களின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கெடாவே நம் மெய்க்கீர்த்திகள் கூறும் கடாரம். 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை அங்கே சென்றது. 'கடாரம் கொண்டான்' என்று சொல்லும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால், அதே கடல்வழியே பின்னாளில் சென்ற தமிழர்கள் எதையும் கொள்ளச் சென்றவர்கள் அல்லர். 1802-ஆம் ஆண்டு பிப்ரவரியில், தென்னாட்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின், 70-க்கும் மேற்பட்டோரை ஆங்கிலேயர் தூத்துக்குடியிலிருந்து இத்தீவுக்கு நாடு கடத்தினர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களுள் ஒருவர். நம் மேடைகளில் கடாரத்தை நூறு முறை பாடியிருக்கிறோம். இக்கப்பலை எத்தனை முறை பாடியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

கப்பல் கட்டிய துறையிலிருந்து நகரத்துக்கு நடந்தே போய்விடலாம். வழிகாட்டியுடன் பேருந்தில் செல்வோர் சென்றனர். நான் தனியே நடந்தேன். முதலில் எதிர்ப்படுவது 60 அடி உயரமுள்ள மணிக்கூண்டு. விக்டோரியா அரசியின் ஆட்சி 60 ஆண்டுகள் நிறைவுற்றதன் நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடியென எழுப்பப்பட்டது. போர்க்காலக் குண்டுவீச்சில் சற்றே சாய்ந்து, இன்றும் சாய்ந்தபடியே நிற்கிறது. அடுத்தது காரன்வாலிஸ் கோட்டை. 1786-இல் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் இத்தீவைக் கைப்பற்றியபோது பனையினத்து மரங்களால் வேலியாக அமைத்த கோட்டை இது. பின்னர் செங்கல்லால் திரும்பக் கட்டப்பட்டது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள். 1818-இல் முடிந்த புனித ஜார்ஜ் தேவாலயத்தின் வெண்தூண்களும் அவர்கள் உழைப்பே. கட்டடத்தின் முன்னே உள்ள பலகைகளில் ஆளுநர் பெயரும் பொறியாளர் பெயரும் இருக்கும். சாந்து குழைத்தவன் பெயர் எங்கும் இருப்பதில்லை.

அந்தத் தேவாலயத்திலிருந்து ஒரே வீதியில் சில நூறு அடிகள் நடந்தால் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில் வருகிறது. அருகே அரசித் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். வீதியின் மறுமுனையில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காதிர் மொகிதீன் என்னும் தமிழ் முஸ்லிம் தலைவர் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 'கிளிங்' என்பது கலிங்கம் என்ற சொல்லின் திரிபு என்பர். ஒரு காலத்தில் தென்னிந்தியரைக் குறித்த பொதுப்பெயர், இன்று இழிசொல்லாகிவிட்டது. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது மரியாதையுடன் நிலைத்திருக்கிறது. ஒரு சொல்லுக்கு நேரக்கூடிய ஏற்றமும் இறக்கமும் ஒரே தெருவில் காணக் கிடைப்பது கவிஞர்களுக்கு ஒரு பாடம்.

அந்நகரத்துக் கட்டடக் கலையில் என்னை மிகவும் ஈர்த்தவை கடைவீடுகள். கீழே கடை, மேலே குடியிருப்பு. முகப்பு குறுகியது, உள்நீளம் அதிகம். நடுவே வானம் பார்த்த முற்றம். மழையும் வெளிச்சமும் காற்றும் அதன்வழியே இறங்கும். நம் தெருவில் பழைய ஓட்டு வீடுகளைக் கண்டவர்களுக்கு இது அயலாகத் தோன்றாது. வரிசையாக நிற்கும் இவ்வீடுகளின் முன்புறத்தில், மாடி நீண்டு நிழல் தரும்படி, ஐந்தடி அகலத்துக்கு நடைபாதை விட்டிருக்கிறார்கள். அங்குள்ள தமிழர் அதனை 'அஞ்சடி' என்று அழைக்கின்றனர். வீட்டுக்காரர்க்கும் வழிப்போக்கர்க்கும் பொதுவான இடம். நம் திண்ணையை நீட்டி ஒரு நகரம் முழுவதும் கோத்தது போல் இருந்தது. இத்தகைய கட்டடங்களின் பொருட்டும், பல இனத்து வழிபாட்டிடங்கள் ஒன்றையொன்று அடுத்து வாழ்வதன் பொருட்டும், 2008-இல் இந்நகரையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

கடற்கரைத் தெரு என்று ஒன்று உண்டு. அங்கே கடல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் கரை விலகிப் போய்விட்டது. அதற்கப்பால் நீரின் மேல் மரக்கால் நட்டு, பலகை பரப்பிச் சீனக் குடும்பங்கள் குலம் குலமாக வாழும் துறைகள் உள்ளன. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைத்தவர்களின் வாரிசுகள் அவர்கள். ஒரு வீட்டு வாயிலில் முதியவள் ஒருத்தி காய் அரிந்துகொண்டிருந்தாள். பயணிகள் சிலர் அவளைப் படமெடுத்தனர். அவள் நிமிரவே இல்லை.

அப்போது எனக்கு நம் ஊர் நினைவு வந்தது. குற்றாலச் சாரல் காலத்தில் வேன்கள் நம் ஊருக்குள் திரும்புகின்றன. சூரியகாந்திக் கொல்லையில் இறங்குகிறார்கள். திரைப்படம் எடுத்த இடம் எது என்று கேட்கிறார்கள். படமெடுத்துக்கொண்டு அரை மணியில் போய்விடுகிறார்கள். பூவைக் கண்டவர்கள் விதைத்தவனைக் காணவில்லையே என்று இதே மேடையில் நான் குறை கூறியிருக்கிறேன். அந்த மரத்துறையில் நானும் ஒரு வேன்காரனாக நின்றேன்.

சூலியா தெருவை அடைந்தபோது மணி பன்னிரண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த சொல் 'சூலியா'. நாகூர் ஆண்டவர் பெயரால் அங்கே ஒரு தர்கா இருக்கிறது. அதன் அருகே ஒரு மசாலைக் கடையில் உறையைக் காட்டினேன். கடைக்குள் அமர்ந்திருந்த பெரியவர் ஊரைக் கேட்டார். தென்காசிப் பக்கம் என்றதும் எழுந்து நாற்காலி போட்டார். அவர் குடும்பம் கடையநல்லூரிலிருந்து போனது. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் பெண்டு பிள்ளைகளுடன் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் குடியேறியதும், அப்பெண்கள் அம்மியில் மசாலை அரைத்து விற்றுக் குடும்பம் காத்ததும் நம்மில் பலர் அறிந்ததே. அவருடைய தாயாரும் அப்படி அரைத்தவர்தாம்.

உறையை நெடுநேரம் பார்த்தார். பின்பு, தம் தகப்பனார் சொல்லக் கேட்டதைச் சொன்னார். 1941 டிசம்பர் 11-ஆம் நாள் சப்பானிய விமானங்கள் வந்தபோது, அவை எவருடையவை என்று அறியாமல் மக்கள் தெருவில் இறங்கி வேடிக்கை பார்த்தார்களாம். குண்டு அவர்கள் மேலேயே விழுந்தது. இறந்தவர்களைப் பெயர் கேட்டு எழுத ஆள் இல்லை. தப்பியவர்களிலும் பலர் பின்னர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். பல்லாயிரம் தமிழர் அங்கே மாண்டார்கள்; அதற்கும் முழுக் கணக்கு இல்லை.

"எத்தனை மணிக்குக் கப்பல்?" என்று கேட்டார். ஐந்து என்றேன்.

"ஐந்து மணிக்குள் எந்தத் தாத்தாவைத் தேடுவீர்கள்? கப்பலில் வராதீர்கள். தங்குகிற மாதிரி வாருங்கள்" என்றார்.

சினமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுட்டது. நான் இறங்கியபோது கடவுச்சீட்டைக் காட்டிச் சில நிமிடங்களில் வெளியே வந்தவன். தாத்தா காலத்துக் கப்பல்களில் மேல்தளத்தில் பாய் விரித்துக் கிடந்து வந்தவர்களை ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடை முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். நகரத்தைக் காணும் முன்பே அவர்கள் காத்திருக்கக் கற்றார்கள். நான் காத்திருக்க நேரமில்லாதவனாகப் போயிருந்தேன்.

மாலையில் கப்பல் நகர்ந்தது. அந்த இரவு ஒரு கவிதை எழுதினேன். அஞ்சடித் தூண் ஒன்றில் தாத்தாவின் கைத்தடம் கண்டதாகவும், சுண்ணாம்பில் அவர் வியர்வை மணந்ததாகவும் எழுதினேன். நல்ல கவிதைதான், இன்றைய அரங்கில் படித்தால் நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். ஆனால் விடியும்போது ஆச்சி நினைவு வந்தது. அறுபது ஆண்டுகள் அவள் 'தெரியவில்லை' என்ற ஒரே சொல்லோடு வாழ்ந்தாள். யாரோ பார்த்ததாகச் சொன்ன எதையும் அவள் ஏற்கவில்லை. அவள் ஏற்க மறுத்த ஆறுதலை நான் எதுகை மோனையுடன் எனக்கே சொல்லிக்கொள்வதா? தாளைக் கிழித்துவிட்டேன்.

கவிஞர்களே, கற்பனை வேண்டாம் என்று நான் கூறவில்லை. கற்பனை இன்றிக் கவிதை ஏது? ஆனால், காணாமற்போன ஒருவரைக் கண்டதாகப் பாடும்போது அவரைத் தேடும் கடமையும் அங்கேயே முடிந்துபோகிறது. அந்த வரி நமக்கு ஆறுதல் தரலாம். அவருக்கு அது இரண்டாவது முறை தொலைவது.

தென்காசிக் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கோயிலைக் காத்துப் பேணுவோரின் பாதங்களை வணங்குவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். கட்டியவன் காப்பவனை வணங்கினான். நம் வட்டம் பத்தாண்டுகளில் எத்தனையோ கவிதைகளைக் கட்டியிருக்கிறது. இனி ஒன்றைக் காக்கவும் வேண்டும் என்று விண்ணப்பிக்கிறேன். பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் எழுதிய கடிதங்கள் நம் சுற்றுவட்டாரத்து வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. கரையான் அரிக்குமுன் அவற்றைத் திரட்டி, படியெடுத்து, பெயர், ஊர், ஆண்டு எழுதி வைப்போம். மதம், சாதி பாராமல் எல்லா வீட்டுக் கதவையும் தட்டுவோம். பினாங்கில் எழுதப்படாத கணக்கின் ஒரு பகுதியையாவது சுந்தரபாண்டியபுரத்தில் எழுத முடியும்.

தாத்தாவின் அந்த உறையை இன்று கொண்டு வந்திருக்கிறேன். முதல் இலக்கமாக இதனைச் செயலாளரிடம் ஒப்படைக்கிறேன். அடுத்த கார்த்திகையில் மீண்டும் பினாங்குக்குச் செல்ல எண்ணியுள்ளேன். இம்முறை தங்குகிற மாதிரி. அதற்குள் உங்கள் வீட்டு உறைகளிலும் 'சூலியா தெரு' என்று ஏதேனும் இருந்தால், என்னிடம் கொடுத்தனுப்புங்கள்.