கிணற்றடியும் கீரிமலையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கியாறு என்று ஒன்று உண்டே எனச் சிலர் கேட்பர். தெல்லிப்பழை, அளவெட்டி அயலிலே தொடங்கி அராலிக் கடனீரேரியிற் சென்று விழும் அவ்வாறு மாரியிற் சில வாரங்கள் ஓடிப் பின்னர் மாடு மேயும் வெளியாகிவிடும். மலையும் இல்லை, கீரிமலை என்ற பெயரில் மட்டுமே மலை இருக்கின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வாடை மழையும், அம்மழையை வாங்கிச் சேர்த்து வைத்திருக்கும் சுண்ணக்கல்லுமே இம்மண்ணுக்கு வாய்த்த நீர்ச்செல்வம். அச்செல்வத்தைத் திறக்கும் வாயில் கிணறு.

ஆதலினாற்போலும், இங்குள்ள குடும்பத்தின் நாள் கிணற்றடியிலே தொடங்குகின்றது. ஏழாலையின் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பின்வளவிற் கிணறு, அதன் அருகே தொட்டி, தொட்டியிலிருந்து வழியும் நீர் வாழைக்கும் கமுகுக்கும் ஓடுகின்றது. குளித்த நீரும் வீணாகாதபடி வாய்க்காலைத் திருப்பி வைக்கும் வழக்கத்தை இங்கே எவரும் எவருக்கும் கற்பித்ததில்லை. குழந்தை நடை பழகும்போதே கண்டு பழகுவது அது. சனிக்கிழமைகளில் நல்லெண்ணெய் தேய்த்து, அரப்பும் தேசிக்காயும் வைத்து, வீட்டார் ஒருவர் பின் ஒருவராகத் தோய்வார்கள். கடைசியாகத் தோய்பவர் ஆச்சி. எண்பது கடந்தும் தன் வாளியைத் தானே இழுப்பவர் அவர். நீர்த்தொட்டி கூரைமேல் ஏறி, மின்னிறைப்பான் வந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் அவருக்குக் கப்பியின் ஒலி வேண்டும்.

அக்கிணற்றுக்கு ஊரில் ‘மலாயாக் கிணறு’ என்று பெயர். ஆச்சியின் தந்தையார் மலாயா இரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி தொடக்கம் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் ஆங்கிலம் கற்றுக் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் சிரம்பானுக்கும் கப்பலேறினர். இரயில் நிலையங்களிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாய் அமர்ந்து, மாதந்தோறும் மணியோடர் அனுப்பினர். அப்பணம் இங்கே ஓட்டு வீடாயிற்று, சீதனமாயிற்று, கோயில் மண்டபமாயிற்று, பாறையை வெட்டித் தோண்டிய கிணறுமாயிற்று. இளைப்பாறித் திரும்பியவர்களை ‘மலாயன் பென்சனியர்’ என ஊர் அழைத்தது. திரும்பாதவர்களும் இருந்தனர். ஆச்சியின் தம்பியார் அங்கேயே குடும்பமாகிவிட்டார். அவருடைய பேரன், பதினாறு வயதுப் பையன், பாடசாலை விடுமுறைக்குத் தன் தாயுடன் ஏழாலைக்கு வந்தான்.

வந்த அன்று அவன் கேட்ட முதற் கேள்வி, “ஆச்சி, இங்கே குழாயில் தண்ணீர் வராதா?” என்பது.

“எங்களுக்குக் கிணறு இருக்குது மோனை,” என்றார் ஆச்சி.

அவ்விடை பெருமையோடு சொல்லப்பட்டது. அப்பெருமைக்கு வரலாறும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஈசாக் என்னும் அதிகாரி தொகுத்த தேசவழமையின் வழிவந்த சமூகத்தில், காணி உறுதி எழுதும்போது நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் சேர்த்தே எழுதப்படும். ஒரு கிணற்றில் நான்கு குடும்பத்துக்குப் பங்கிருக்கும். இன்ன நாள் இன்னாருடைய இறைப்பு என்று முறை வகுத்திருப்பார்கள். துலா மிதிப்போர் இருவர், பட்டை பிடிப்போர் ஒருவர், பாத்தி மாறுவோர் ஒருவர் என விடியற்புறத்து இருளிலே தொடங்கும் வேலை அது. முறை தவறி இறைத்தவன்மேல் வழக்கு வரும். வேலி வழக்குக்கு அடுத்தபடியாக யாழ்ப்பாணத்து வழக்கறிஞர்களை வாழ்வித்தது கிணற்று வழக்கே என்று சொன்னால் அது மிகையாகாது.

பெருமையைச் சொல்லுமிடத்துச் சிறுமையையும் மறைத்தல் தகாது. இதே கிணறுகளிற் பலவற்றை அணுகவும் ஒரு பகுதி மக்களுக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்தது. வெயிலிற் குடத்தோடு நின்று, வேறு யாரேனும் வந்து இரங்கி வார்க்கும்வரை காத்திருந்த தாய்மாரை இம்மண் கண்டிருக்கின்றது. 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் ஒரு நாளிற் பிறந்தது. கப்பிக் கயிறு கைமாறப் பல ஆண்டுகள் சென்றன. எழுத்தாளர் கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்று பெயரிட்டது காரணமின்றியன்று.

விருந்தினர் வந்த ஞாயிறன்று குடும்பம் முழுவதும் ஒரு வாகனத்திற் புறப்பட்டது. முற்காலத்தில் இப்பயணம் வில்வண்டியில் நடந்திருக்கும். இடியப்பமும் சம்பலும், வாழையிலையிற் கட்டிய சோறும் பின்னிருக்கையில் ஏறின. முதலில் நிலாவரை.

புத்தூருக்கு அண்மையில், நவக்கிரியில், சுண்ணக்கல் கூரை இடிந்து விழுந்து தானாகத் திறந்துகொண்ட பெருங்கேணி நிலாவரை. இராமன் அம்பினால் ஊன்றியபோது பிறந்த ஊற்று என்பது ஐதீகம். அங்கே போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்பதும் ஊரார் பேச்சு. 1859இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் எமர்சன் டெனன்ட்டும் புத்தூர்க் கிணற்றை வியந்து எழுதியிருக்கிறார். நீர் எந்த அளவு இறைத்தாலும் வற்றாது. ஆனால் மேலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். பையன் இதனை நம்பவில்லை. ஒரே கிணற்றில் இருவகை நீர் எப்படி இருக்கும்?

அவனுடைய மாமா கச்சேரியில் வேலை பார்ப்பவர், விஞ்ஞானத்தில் விருப்பமுடையவர். படிக்கட்டிலேயே நின்று விளக்கினார். குடாநாட்டைச் சுற்றிலும் கடல். அடியிலுள்ள சுண்ணக்கல்லோ துளைகள் நிறைந்தது. ஆகவே கடல்நீர் கீழே புகுந்து நிற்கின்றது. மழைநீர் அதிலும் பாரம் குறைந்தது. எனவே அது கடல்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது ஐரோப்பியப் பொறியியலாளர் கண்ட கணக்கு. பாறையின் வெடிப்புகளைப் பொறுத்து இக்கணக்கு இடத்துக்கிடம் மாறும். ஆயினும் அதன் மறுபக்கத்தை எவரும் மறத்தலாகாது. மேலே ஓரடி நீரை இறைத்துத் தீர்த்தால் கீழேயிருந்து உவர் நாற்பதடி ஏறி வர இடமாகின்றது.

பையன் கேணியை எட்டிப் பார்த்தான். பிறகு பின்னுக்கு நகர்ந்து நின்றான்.

துலாவினால் இறைத்த காலத்தில் மனிதனுடைய கால்வலியே நீருக்குக் காவலாயிருந்தது. மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தபின் அக்காவல் போயிற்று. 1970 முதல் 1977 வரை வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் தடுக்கப்பட்டபோது வலிகாமத்துத் தோட்டக்காரர் செழித்தனர். உழைத்தவர் உயர்ந்தது நல்லதே. ஆனால் அச்செழிப்புக்காக நிலத்தில் இட்ட உரத்தின் ஒரு பகுதி பயிரைச் சேராது பாறை வழியே கிணற்றைச் சேர்ந்தது. மலசலகூடக் குழிகளிலிருந்து கசிவதும் அதனோடு கூடிற்று. செம்மண் படலம் மெல்லியது. வடிகட்ட அதற்கு வலுவில்லை. நீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் விதித்திருக்கின்றது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்திருப்பதை 1980கள் தொட்டே ஆய்வாளர் எடுத்துக் காட்டி வருகின்றனர். நைத்திரேற்று மிகுந்த நீர் கைக்குழந்தைகளின் இரத்தத்துக்கு ஊறு செய்வது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போவதில்லை. தாய்மார் அறியாதிருந்ததில் வியப்பென்ன?

கண்ணுக்குத் தெரிந்த கேடு வேறொன்று பின்னர் வந்தது. சுன்னாகத்து மின்னிலைய வளாகத்தின் அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதக்கின்றது என்ற முறைப்பாடு 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெரிதாயிற்று. மல்லாகம், ஏழாலை, தெல்லிப்பழை வரை அச்சம் பரவிற்று. தண்ணீர்ப் பவுசர் வரும் நேரம் பார்த்துக் குடங்கள் வீதியோரத்தில் வரிசையாயின. தன் வளவிற் கிணறுள்ளவர் குடத்தோடு வீதியில் நிற்பது யாழ்ப்பாணத்தில் அதுவரை நினைத்தும் பார்த்திராத காட்சி. 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. ஏழாலை வீட்டில் அந்நாள் தொட்டு ஒரு மாற்றம் நிலைத்துவிட்டது. கிணற்றுநீர் குளிக்க, துவைக்க, மரத்துக்கு வார்க்க. குடிப்பதற்குக் கடையிலிருந்து வரும் பெரிய போத்தல்.

வாகனம் மல்லாகம் கடந்து மாவிட்டபுரம் வழியாகக் கீரிமலையை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. கடலுக்கும் கேணிக்கும் நடுவே ஒரு மதில்தான். மதிலுக்கு அப்பால் அலை, இப்பால் பாறை வெடிப்பினூடே வந்து சேரும் தெளிந்த ஊற்று. ஆண்களுக்கு ஒரு கேணி. பெண்களுக்கு மறைவான வேறொரு கேணி. கீரிமுகம் நீங்கப்பெற்ற நகுல முனிவரின் கதையும், குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியின் கதையும் இத்தலத்துக்குரியன. ஆடி அமாவாசையில் தந்தையரை இழந்தோர் இங்கே வந்து பிதிர்க்கடன் தீர்ப்பர். 1990இல் தொடங்கிப் பல ஆண்டுகள் இப்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு, மக்கள் வரவியலாதிருந்தது. நகுலேசுவரம் கோயில் குண்டுவீச்சுக்கு உள்ளானது. கொழும்புப் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை எட்டியது 2015 தை மாதத்தில்.

பையன் கேணியிற் குதித்து, முதல் முழுக்கிலேயே ஒரு வாய் விழுங்கிவிட்டு, “இதிலும் கொஞ்சம் உப்பு,” என்றான்.

“கடலுக்குப் பக்கத்திலை இவ்வளவுதான் உப்பெண்டால் அதுதான் புதுமை,” என்றார் மாமா.

இலையை விரித்து உண்ணும்போது ஆச்சி 1995ஐப் பற்றிப் பேசினார். அவ்வாண்டு ஐப்பசியின் கடைசி நாட்களில், மழையோடு மழையாக, வலிகாமத்து மக்களிற் பெரும்பாலோர் ஓரிரவிலே தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். சாவகச்சேரியில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஏழு குடும்பம், ஒரு கிணறு. வீட்டுக்காரி முதல் நாளே தன் வாளியையும் கயிற்றையும் கிணற்றுக்கட்டில் வைத்து, யாரும் கேட்காமலே அள்ளலாம் என்று சொல்லிவிட்டாளாம். யார் என்ன சாதி என்று அன்று எவரும் விசாரிக்கவில்லை என்பதை ஆச்சி இரண்டு முறை சொன்னார். ஆறு மாதம் கழித்து ஏழாலைக்குத் திரும்பியபோது அவர் முதலிற் பார்க்கச் சென்றது அடுப்படியையன்று, கிணற்றை. உள்ளே கிடந்த ஓடுகளையும் ஒரு கதவையும் எடுத்துப்போட்டு, மூன்று நாள் இறைத்த பின்னரே உலை வைத்தார்களாம்.

வேறு வழி தேடியவர்கள் இல்லாமலில்லை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தை வகுத்தார். கனகராயன் ஆற்றுநீரை ஆனையிறவுக் கடனீரேரியிற் தேக்கி, முள்ளியான் கால்வாயால் வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொணர்ந்து, உவர்க்களத்தை மெல்ல நன்னீராக்கி, நிலத்தடி நீரையும் உயர்த்துவதே அதன் நோக்கம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன, முழுத்திட்டம் நிறைவேறவில்லை. இரணைமடுவிலிருந்து நீர் கொணரும் எண்ணத்துக்குக் கிளிநொச்சி விவசாயிகள் தம் வயல் வாடுமே என்று அஞ்சினர். அந்த அச்சமும் நியாயமானதே. இறுதியில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குழாய்நீர் பெரும்பேறுதான். ஆனால் வெங்காயப் பாத்திக்குக் குழாய்நீர் பாய்ச்ச எவராலும் இயலாது. தோட்டத்துக்கு என்றும் கிணறே கதி. குழாய் வந்துவிட்டதென்று கிணற்றைக் குப்பைக்குழி ஆக்குவோர் அயல் வீட்டாரின் கிணற்றையும் சேர்த்தே கெடுக்கின்றனர்; கீழே பாறைக்கு வேலி இல்லை. பெய்யும் மழையை வளவிலேயே தேக்கி இறங்கவிடுதலும், தூர்ந்த குளங்களைத் தோண்டுதலும், உரத்தை அளவறிந்து இடுதலும் பெருந்திட்டம் எதற்கும் காத்திராமல் ஊரவரே செய்யக்கூடியவை. கிணற்று முறைக்கு ஒரு காலத்தில் இருந்த கண்டிப்பு இன்று உரத்துக்கும் கழிவுக்குழிக்கும் வந்தாலென்ன?

விருந்தினர் புறப்படும் காலை, பையன் ஒரு வெற்றுப் போத்தலோடு கிணற்றடிக்கு வந்தான். கோலாலம்பூரிலுள்ள தாத்தாவுக்கு இக்கிணற்று நீர் கொஞ்சம் கொண்டுபோக வேண்டும் என்றான். மாமா தயங்கினார். நீர் பரிசோதனைக் கடதாசி மேசை இழுப்பறையில் இருப்பது அவருக்கு நினைவு வந்தது.

ஆச்சி தாமே வாளியை இறக்கினார். கப்பி கிறீச்சிட்டது. நீரைப் போத்தலில் வார்த்து மூடிவிட்டு, “தம்பி தோய்ஞ்ச தண்ணியெல்லே. தலையிலை தெளிக்கச் சொல்லு மோனை,” என்றார். பின்பு சற்று நேரம் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “குடிக்கக் கூடாது எண்டு ஒரு துண்டு எழுதி ஒட்டிவிடு. அவன் மறந்துபோய்க் குடிச்சிடுவான்,” என்றார்.