ஆசனம் யாருக்கு உரியது?



கல்விக்கெனத் தோன்றிய நம் கழகத்தின் வெள்ளிவிழாவில், பள்ளிப்படி மிதியாத பிள்ளைகளைப் பற்றிப் பேச விழைகிறேன். பெற்றோர் முந்திரித் தோப்புக்குக் கூலிவேலைக்குச் செல்ல, வீட்டுக்குள்ளேயே பொழுதைக் கழிக்கும் ஆட்டிசம் உடைய பிள்ளையும், கால் வலுவற்ற பிள்ளையும் நம் பிள்ளைகளே. அவர்களும் வரக்கூடிய யோக வகுப்பு ஒன்று காடாம்புலியூரில் வேண்டும்.

'முன்வினைப் பயன்' என்பார் சிலர். நம் பிறப்பையும் அப்படித்தான் சொன்னார்கள். அதை மறுத்து எழுந்த நாம், அதே சொல்லை நம் பிள்ளைமீது சுமத்தலாமா? 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர், கல்வி யாருக்கு உரியது என்ற வினாவுக்குச் செயலால் விடை தந்தார். யோகத்தைக் குறித்தும் அதே வினாவை எழுப்புவோம்.

உடலை வில்லாய் வளைப்பவர்க்கே யோகம் என்பது தவறான எண்ணம். ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றுவதே கிருஷ்ணமாச்சாரியார் வகுத்த நெறி. அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம், சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கும் அந்நெறியில் கற்பித்து வந்துள்ளது. அமெரிக்காவின் மேத்யூ சான்போர்டு, 1978-இல் தம் 13-ஆம் வயதில் கார் விபத்தில் சிக்கி, மார்புக்குக் கீழே செயலிழந்தார். பின்னாளில் சக்கர நாற்காலியுடனேயே யோக ஆசிரியரானார்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. நிற்க இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து கைகளை உயர்த்தலாம். படுத்தவாறே மூச்சைக் கவனிக்கலாம். ஆட்டிசம் உடைய பிள்ளைக்கு நாள்தோறும் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வரிசை அமைதி தரும். சொற்களைக் குறைத்துச் செய்துகாட்டுங்கள், படங்களை வையுங்கள். இரைச்சலைத் தவிருங்கள். இசைவின்றித் தொடாதீர்கள். எழுந்து ஓடினால் கடியாமல், திரும்பி வரும்வரை காத்திருங்கள்.

ஆட்டிசத்தை யோகம் நீக்கிவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஆட்டிசம் நோயன்று, மூளை வளர்ச்சியின் வேறுபட்ட இயல்பு. பயிற்சியால் உடலிணக்கமும் மனஅமைதியும் கூடலாம். மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் தேவைப்படுவோர் அவற்றைத் தொடரவேண்டும். வலிப்பு உள்ளவர்க்கு மருத்துவரின் யோசனை முதலில் வேண்டும். மூச்சை அடக்கும் பயிற்சி கூடாது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. ஆட்டிசமும் அவற்றுள் ஒன்று. அரசு விளையாட்டையும் பொழுதுபோக்கையும் அவர்களுக்கு எட்டச் செய்யவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆயினும் சட்டம் நம் தெருவுக்குத் தானே நடந்து வாராது. சென்னைக்கு அழைத்துச் செல்ல, ஏழைத் தாய் கூலியை இழக்கவேண்டும். ஆகவே வகுப்பே தெருவுக்கு வரட்டும்.

இளைஞர்களே! உங்களில் இருவர் முறையாகப் பயின்று வாருங்கள். கழகம் மாலையில் ஓர் அறையைத் திறந்து, வாசற்படிக்கருகே ஒரு சரிவுப் பாதையும் அமைக்கட்டும். தனி வகுப்பாக ஒதுக்காமல், எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாய் அமரும் வகுப்பாக அது விளங்கட்டும். ஒதுக்கிவைக்கப்படுவதன் வலியை நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.