முள்ளுக்குள் இருக்கும் சுவை



ஒரு பழத்துக்காக உலகைச் சுற்றிய கதை நமக்குப் புதியதன்று. மாங்கனிக்காக மயிலேறிப் புறப்பட்ட முருகனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இன்று நான் கூற எடுத்துக்கொண்டதும் தீவொன்றையும் பழமொன்றையும் பற்றியதே. ஆயினும் இது புராணமன்று, வரலாறு.

ஆங்கிலேய இயற்கையியலாளரான அல்பிரட் ரசல் வொலஸ் 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் அலைந்து திரிந்தவர். பறவைகளையும் பூச்சிகளையும் சேகரிக்கவே அவர் சென்றார். ஆனால் 1869இல் வெளிவந்த தமது பயண நூலில், ஒரு பழத்தைச் சுவைப்பதற்காக மட்டுமே கீழைத்தேயத்துக்குக் கப்பலேறினாலும் தகும் என்று எழுதினார். அந்தப் பழம் தூரியன்.

மலாய் மொழியில் 'டுரி' என்றால் முள். பெரிய தேங்காய் அளவு, பச்சை நிறம், உடல் முழுவதும் கூரிய முட்கள். உள்ளே ஐந்து அறைகள். அவற்றில் வெண்ணெய் போன்ற சதை. கந்தகச் சேர்மங்களால் எழும் அதன் மணம் உலகப் பிரசித்தம். சிங்கப்பூர் இரயில்களில் இப்பழத்தைக் கொண்டுசெல்ல அனுமதியில்லை.

வொலஸ் முதலில் மலாக்காவில் இப்பழத்தைக் கண்டபோது, வீட்டினுள் நிறைந்த அந்த நாற்றம் அவரை விரட்டியது. பின்னர் போர்ணியோவில், மரத்தடியில் தானாகக் கனிந்து விழுந்து கிடந்த பழத்தை எடுத்துத் திறந்தவெளியிலே உண்டார். அன்றே அதற்கு அடிமையானார். அதன் சுவையைச் சொல்ல அவருக்கு ஓர் உவமை போதவில்லை. வாதுமை மணக்கும் கஸ்டார்ட், பாற்கட்டி, வெங்காயச் சாறு, திராட்சை மது என்று ஒன்றோடொன்று ஒவ்வாதவற்றை அடுக்குகிறார். உவமை பயிற்றும் ஆசிரியன் என்ற முறையில் இவ்விடத்தில் நான் வியந்து நின்றதுண்டு.

பழம் மாறவில்லை, உண்டவரும் அவரே. மாறியது இடம் ஒன்றுதான். நாற்றம் என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது என்பது நீங்கள் அறிந்ததே. மணமும் நாற்றமும் மூக்கில் மட்டும் பிறப்பனவல்ல. நாம் நிற்கும் இடத்திலும் பிறக்கின்றன.

இந்த உண்மையை எனக்கு உணர்த்தியவன் ஒரு மாணவன். கொழும்பில் பிறந்து வளர்ந்தவன். ஊரிலிருந்து வந்த பனம்பழமொன்றை ஒருநாள் வகுப்புக்குக் கொண்டுசென்றிருந்தேன். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சேர், இதை எப்படிச் சாப்பிடுறது?" என்றான். பெற்றோரின் ஊர் வடமராட்சி. ஆனால் அவன் அதைக் கண்டதில்லை. அடுத்த ஆவணி விடுமுறையில் அங்கே சென்றான். அதிகாலையில் வளவுக்குள் விழுந்த பழத்தைப் பொறுக்கி, அம்மம்மா முற்றத்து நெருப்பிலே சுட்டுக்கொடுக்க, தும்பைச் சூப்பித் தின்றிருக்கிறான். திரும்பி வந்து, "அது வேற பழம் சேர்" என்றான். நான் மறுக்கவில்லை.

போர்ணியோவின் டயாக் மக்கள் தூரியன் சதையை உப்பிட்டு, சாடிகளிலும் மூங்கிற் குழாய்களிலும் அடைத்து ஆண்டு முழுவதும் சோற்றுடன் உண்டதாக வொலஸ் எழுதுகிறார். வெள்ளையரால் அந்த மணத்தைத் தாங்க முடியவில்லையாம். நம்மவர் பனங்களியைப் பாயில் ஊற்றி வெயிலில் உலர்த்திப் பனாட்டாக்கி வைப்பதும் இதே அறிவுதான். பழத்தின் காலம் குறுகியது, பசியின் காலம் நீண்டது என்பதை இரு சாராரும் அறிந்திருந்தார்கள்.

இன்னுமொன்று. பள்ளிப் புத்தகக் கதையொன்று உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆலமரத்தடியில் படுத்த வழிப்போக்கன், மெல்லிய கொடிக்குப் பூசணியையும் பெருமரத்துக்குச் சிறு பழத்தையும் கொடுத்த கடவுளைப் பரிகசிப்பான். மூக்கில் ஒரு பழம் விழுந்ததும் தெளிவான். மனிதனுக்குத் தீங்கு நேராதபடி இயற்கை அமைக்கப்பட்டிருக்கிறது என்பது கதையின் கருத்து. தூரியன் மரத்தடியில் நின்ற வொலஸ் இதை ஏற்கவில்லை. அண்ணாந்து பார்க்கும் உயரத்திலிருந்து அந்த முட்பழம் விழுந்து மனிதரைக் காயப்படுத்துவதை அவர் அறிந்திருந்தார். கவிஞர்களும் அறவுரையாளர்களும் சொல்வதுபோல இயற்கை மனிதனின் வசதிக்கென்றே அமைந்ததன்று என்று எழுதினார். 1858இல் இயற்கைத் தேர்வு பற்றிய கட்டுரையை டார்வினுக்கு அனுப்பியவரும் இவரே.

பனையடியில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். காகம் இருக்கப் பனம்பழம் விழும்; கீழே யார் நிற்கிறார் என்று பழம் பார்ப்பதில்லை.

நேயர்களே, சுவை நம்மைத் தேடி வருமென்று காத்திருப்பது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. சில பழங்கள் அப்படி வருவதில்லை. விழுந்த ஓரிரு நாளிலேயே குணம் மாறிவிடுகின்றன. பழந்தமிழ்ப் பாடல்களும் அத்தகையனவே. முள்ளைக் கண்டு விலகும் மாணவரை நான் குறைகூறுவதில்லை. அந்தப் பாடல் பிறந்த நிலத்துக்கு, அதன் குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும், அவர்களை அழைத்துச் செல்வதே என் கடன். மரம் நிற்கும்வரைதான் அந்தப் பயணம் சாத்தியம். போர்ணியோவின் காடுகள் வெகுவாக அழிந்துவிட்டன. போரிலே நம் பனைகள் எத்தனையோ தலையிழந்து நின்றன. பழத்தின் பெருமையைப் பேசுகிற நாம் ஒரு விதையையாவது ஊன்றுவோமாக.