வாசலுக்கு வெளியேயும் நம் பிள்ளைதான்

(ஆலய அறநிலைய ஆண்டுக் கூட்டத்தில், செயற்குழு உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆற்றிய உரை)



பிள்ளைகளைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தார். தமிழ்ப்பள்ளியில் காலமெல்லாம் பாடம் நடத்தியவன், பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சொல்வான் என்று எண்ணியிருப்பார். நான் சொல்ல வந்தது, வளர்த்த பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பியதைப் பற்றி.

என் இளைய மகனுக்கு அப்போது வயது 31. கிள்ளானில் எங்களோடுதான் இருந்தான். வேலை நிலைக்கவில்லை. குடியும் சூதாட்டமும் சேர்ந்துகொண்டன. அவன் தாயாரின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஒவ்வொரு முறையும் என் ஓய்வூதியத்தில் அடைத்தேன். வெளியில் ஒருவரிடமும் சொல்லவில்லை. இதே மண்டபத்தில் பிறர் வீட்டுச் சச்சரவுகளைத் தீர்த்து வைத்துவிட்டு, என் வீட்டில் படுக்கையறைக் கதவைத் தாழிட்டுப் படுத்தவன் நான்.

ஒரு தைப்பூசத்திற்கு முந்தைய இரவு, பணம் தர மறுத்த தாயைப் பிடித்துத் தள்ளினான். மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையில், "குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்றாள். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். வாய்மையைப் பாடமாக நடத்தியவன் சொன்ன பொய் அது. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வால்மீகி இராமாயணத்தில் சகர மன்னனின் கதை வருகிறது. அவன் மூத்த மகன் அசமஞ்சன், ஊர்க் குழந்தைகளைப் பிடித்துச் சரயு நதியில் எறிந்து மகிழ்ந்தான். மக்கள் வந்து முறையிட்டார்கள். அரசன் மகனை நாட்டை விட்டு அனுப்பினான். எப்படி அனுப்பினான் என்பதையும் கவனிக்க வேண்டும். மனைவியோடும் வேண்டிய பொருள்களோடும் வாகனத்தில் ஏற்றி அனுப்பினான். அசமஞ்சனின் மகன் அம்சுமான் பாட்டனிடம் வளர்ந்தான். அந்த அம்சுமானின் பேரன்தான் கங்கையைப் பூமிக்குக் கொண்டுவந்த பகீரதன். மகனை அனுப்பியதால் அந்தக் குலம் அழிந்துவிடவில்லை.

இதே கதையைக் கைகேயி, இராமனைக் காட்டுக்கு அனுப்புவதற்குச் சான்றாகக் காட்டுகிறாள். அப்போது சித்தார்த்தர் என்ற முதிய அமைச்சர், "அசமஞ்சன் செய்த குற்றம் இன்னது, இராமன் செய்த குற்றம் என்ன?" என்ற பொருளில் கேட்கிறார். நாமும் நம்மை அப்படித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். தேர்வில் தோற்றான், வேலை போய்விட்டது, நமக்குப் பிடிக்காத இடத்தில் பெண் எடுத்தான் என்பதற்காகப் பிள்ளையை வெளியேற்றுவது கைகேயி வழி. மனநோய் கண்ட பிள்ளையைத் தெருவில் விடுவதும் அறமன்று. அவனுக்கு முதலில் வேண்டியது மருத்துவர். 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, உறவினரின் விண்ணப்பமும் மருத்துவரின் பரிந்துரையும் இருந்தால், அவன் சம்மதிக்காவிட்டாலும் மருத்துவமனையில் சேர்க்க வழியுண்டு.

ஆனால் அடிப்பவனோடு ஒரே கூரையின்கீழ் இருந்தே தீர வேண்டும் என்று எந்தத் தர்மமும் சொல்லவில்லை. நம் நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், 1996இல் நடப்புக்கு வந்தது. அது மனைவிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தாய் தந்தையருக்கும் அது உண்டு. குடும்பத்தாரின் பொருளை வஞ்சகமாக எடுத்து அவர்களைத் துன்புறுத்துவதையும் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் வன்முறையாகச் சேர்த்தது. அதே திருத்தத்தின்படி, சமூக நல அதிகாரி 7 நாள்களுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். நீதிமன்றம், வீட்டில் இருக்கும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கே அளிக்கலாம். 15999 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம். இந்தியாவிலும், பெற்றோர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் வளர்ந்த மகன் அவர்கள் விரும்பும் வரையில்தான் இருக்க முடியும் என்று டில்லி உயர்நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது.

நாங்கள் நீதிமன்றம் போகவில்லை. என் மனைவி மகள் வீட்டுக்குப் போனாள். மூத்த மகனும் மைத்துனரும் உடனிருக்க, நான் அவனிடம் சொன்னேன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை பார்த்து, மூன்று மாத வாடகையை வீட்டுக்காரரிடமே கட்டினேன். அவன் கையில் ரொக்கம் தரவில்லை. துணிமணி, பாய், பாத்திரம் எல்லாம் காரில் ஏற்றிக் கொடுத்தேன். சகரன் செய்ததைத்தான் செய்தேன். திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.

இரண்டு தீபாவளிக்கு அவன் வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். தாய் கையால் சாப்பிட்டுவிட்டு, மாலையில் போய்விடுகிறான். குடியை முற்றிலும் விட்டுவிட்டான் என்று சொன்னால், அது இன்னொரு பொய்யாகிவிடும். வேலைக்குப் போகிறான். என் மனைவி கதவைத் தாழிடாமல் உறங்குகிறாள்.

அன்பர்களே, ஒரு வேண்டுகோள். இத்தகைய துன்பத்தோடு ஒரு தாயோ தந்தையோ இந்த ஆலயத்திற்கு வந்தால், "பெற்ற பிள்ளையைத் துரத்தலாமா?" என்று கேட்காதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். காவல் நிலையத்திற்கோ சமூக நல அலுவலகத்திற்கோ துணைக்கு இருவர் போங்கள். எனக்கு அன்று அப்படி இருவர் கிடைத்திருந்தால், என் மனைவியின் கை முறிந்திருக்காது.