ஏழைக்கு ஏடே சாட்சி



மருத்துவத்துறை என்றதும் மருத்துவரும் செவிலியருமே நம் நினைவுக்கு வருகின்றனர். நோயாளியின் வரலாற்றை ஒழுங்குபடுத்திக் காத்து, வேண்டும்போது எடுத்துத் தரும் மருத்துவப் பதிவேட்டுத் துறையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்துறையில் நம் பிள்ளைகள் பயிற்சி பெற வேண்டும் என்பதே இன்று நாம் எடுத்துரைக்க விரும்புவது.

தாக்கப்பட்ட நம்மவர் ஒருவர் அரசு மருத்துவமனைக்குச் செல்கிறார். விபத்துப் பதிவேட்டில் மருத்துவர் எழுதும் நாளும் நேரமும் காயத்தின் அளவும் பின்னர் நீதிமன்றத்தில் சான்றாக நிற்கின்றன. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்குக் காவலாக இருப்பினும், அந்த ஏடு காணாமற் போனால் வழக்கு வலுவிழக்கும். வேலையில் கையிழந்த தொழிலாளி இழப்பீடு கோரும்போதும் மருத்துவ ஏடே துணை நிற்கிறது. செல்வர்க்காகச் சாட்சி சொல்லப் பலர் உளர். ஏழைக்கு ஏடே சாட்சி.

இது வெறும் கோப்புகளை அடுக்கும் வேலையன்று. உடற்கூறு, நோய்ப்பெயர்கள், புள்ளியியல், கணினி, சட்டம் ஆகியவற்றைக் கற்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின்படி ஒவ்வொரு நோய்க்கும் குறியீடு இட வேண்டும். அதன் பத்தாம் திருத்தத்தில் காசநோய்க்கு உரியவை ஏ 15 முதல் ஏ 19 வரையிலான குறியீடுகள். பதினோராம் திருத்தம் 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. உள்நோயாளியின் ஏடுகளை மூன்றாண்டுகள் காக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும் என்றும் இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இவ்விதியை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவோம்?

புதுச்சேரி ஜிப்மர், புதுதில்லி சப்தர்ஜங் மருத்துவமனை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவை இப்பயிற்சியை நெடுநாள் அளித்து வந்துள்ளன. சேர்க்கை அறிவிப்புகளைக் கவனித்து உரிய காலத்தில் விண்ணப்பியுங்கள். ஆங்கிலச் சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டா. நாள்தோறும் பத்துச் சொற்கள் கற்பின் ஓராண்டில் அச்சம் அகலும்.

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்க்கு ஆறுதலாக இதனைக் கூறினோம் அல்லோம். நம்மவர் மருத்துவராகவும் வேண்டும். ஏடு காப்போராகவும் வேண்டும்.

எழுத்து நமக்கு மறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று எல்லோருடைய ஏட்டையும் காக்கும் பொறுப்பை நாம் ஏற்கலாம். அப்பொறுப்பை ஏற்போர் எவருடைய நோயையும் வெளியே சொல்லலாகாது. எவர் வற்புறுத்தினும் ஓர் எழுத்தையும் மாற்றலாகாது. நமக்கு நீதி வேண்டும் நாம், எச்சாதியார் ஏட்டையும் அதே நேர்மையுடன் காப்போமாக.