ரப்பர் ஷீட்டுக்கு ஏற்ற அடுப்பு

(குலசேகரம் வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய பிரசங்கம்)



அடுப்புக் கட்டுவதைப் பற்றிப் பேசவும் ஓர் ஆள் வரவேண்டுமா என்று தங்களிற் சிலர் நினைக்கக்கூடும். சோறு வேகும் அடுப்பானால் வேண்டியதில்லை. அதில் நம் வீட்டுப் பெண்களுக்கு நான் கற்பிக்கத்தக்கது யாதொன்றுமில்லை. நான் பேச வந்தது ரப்பர் ஷீட்டை உலர்த்தும் அடுப்பைப் பற்றி. குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பக்கங்களில் அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமாக ரப்பர் வைத்திருப்போர் பலர். பால் வெட்டி, ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் இட்டு ஷீட்டாக்கும் வரையில் எல்லாம் கவனமாகவே நடக்கிறது. அதன்பின் அந்த ஷீட்டைச் சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே தொங்கவிடுகிறவர்கள் உண்டு. பாடுபட்டுச் செய்த சரக்கின் மதிப்பு அந்த இடத்தில்தான் குறைந்துபோகிறது.

ரப்பர் ஷீட்டை வெறுமனே வெயிலில் காயவிட்டால் என்ன? நீண்ட நேரம் வெயில் பட்டால் அதன் மேற்பரப்பு பிசுபிசுத்துக் கெடும். அன்றியும் நமது பிரதேசத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் மற்றொரு மழை. ஈரம் முற்றிலும் போகாத ஷீட்டில் பூசணம் பிடித்துவிடும். புகையிலுள்ள கிரியோசோட் முதலிய பொருள்கள் இந்தப் பூசணத்தைத் தடுக்கின்றன. சூடோ ஈரத்தை வாங்குகிறது. ஆகவே ஷீட்டுக்குப் புகையும் வேண்டும், சூடும் வேண்டும், இரண்டும் சீராக நாலைந்து நாள் விடாமல் வேண்டும்.

சமையலடுப்பு இதைச் செய்யமாட்டாது. காலையில் ஒரு மணி நேரம் கொழுந்துவிட்டெரியும். பிறகு அணைந்து கிடக்கும். எரியும்போது ஷீட்டில் கொப்புளம் எழும்பும். அணைந்தபோது ஈரம் திரும்பும். வியாபாரி ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துத்தான் தரம் சொல்கிறார் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கொப்புளமும், வெள்ளைப் பொட்டும், கரியும் அப்போது மறையமாட்டா. புகையிட்ட ஷீட்டுக்கு ஆர்.எஸ்.எஸ். 1 முதல் 5 வரை தரங்கள் உண்டு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் விலையும் இறங்குகிறது.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. சமையலறைப் புகை வெளியே போக வேண்டும். ஷீட்டுப் புகை உள்ளே நிற்க வேண்டும். ஒரே அடுப்பில் இவ்விரண்டும் கூடுவதெங்ஙனம்? ஷீட்டுக்காகப் புகைபோக்கி வைக்காமல் விட்ட சமையலறைகளும், காஸ் அடுப்பு வந்த பின்னரும் ஷீட்டுக்காகவே அணையாமல் வைத்த விறகடுப்புகளும் இருக்கின்றன. அந்தப் புகை முழுவதும் தாய்மாரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போகிறது. சிறு குழந்தைகளுக்கு நிமோனியா வருவதற்கு வீட்டுப் புகை ஒரு முக்கிய காரணம் என்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். புகையில்லாச் சமையலறையின் அவசியத்தைப் பற்றி எஸ். பி. ராஜு என்ற என்ஜினீயர் எழுதிய புத்தகம் 1953-லேயே சென்னையில் அச்சாயிற்று. காய்ந்த ஷீட் ஒன்று அறுந்து அடுப்பில் விழுந்தால் தீ கூரையை எட்ட எத்தனை நேரமாகும் என்பதை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

ஆகையால் ஷீட்டுக்கென்று வீட்டைவிட்டு எட்டத் தனியே ஒரு புகைப்புரை வேண்டும். அதிலும் அடுப்பைப் புரையின் உள்ளே குழி தோண்டி வைப்பது செலவு குறைந்த முறையாகத் தோன்றும். நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். அடுப்பு சுவருக்கு வெளியே, தரைமட்டத்துக்குச் சற்றுத் தாழ இருக்கட்டும். அங்கிருந்து தரைக்கடியில் ஒரு குழாய்ப்பாதை உள்ளே சென்று அறையின் நடுவில் திறக்க வேண்டும். பொறி மேலே பறவாதபடி அந்த வாயைத் துளையிட்ட தகட்டால் மூடிவிடுங்கள். அதற்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்குக் குறையாமல் விட்டே முதல் வரிசைக் கம்பு வரவேண்டும். கூரையடியில் திறந்து மூடத்தக்க காற்றுவழி அவசியம். முதல் நாள் ஈர ஆவி வெளியேற அதைத் திறந்து வைத்து, பின் சிறிது சிறிதாக மூடலாம்.

அடுப்பின் உட்புறத்தைச் சுட்ட செங்கல்லால், களிமண் சாந்திட்டுக் கட்டுங்கள். சிமெண்டுச் சாந்து சூட்டில் வெடிக்கும். கருங்கல்லோ தீயில் பிளந்து சிதறும். வெளிச்சுவருக்கு வெட்டுகல் போதும். அடுப்பு வாய்க்கு இரும்புத் தகட்டுக் கதவு போட்டு, அதில் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு திறப்பு வையுங்கள். தென்மேற்குக் காற்று நேரே புகும் திசையில் அவ்வாய் இருக்கலாகாது. இருந்தால் ஆடி மாதத்தில் தீயை நீங்கள் ஆள்வதற்குப் பதில் காற்று ஆளும்.

முதல் நாள் 40 டிகிரி சென்டிகிரேடு அளவில் தொடங்கி, நாளுக்கு நாள் ஏற்றி, 60-ஐத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். கையை நீட்டிச் சூடு பார்ப்பது பழக்கமாக இருக்கலாம். ஓர் உஷ்ணமானி வாங்குவது அதனினும் மலிவு. வெட்டி நீக்கிய ரப்பர் மரத்தின் விறகை நன்றாய்க் காயவிட்டு எரித்தால் சீராகக் கனலும். கதம்பை புகைக்கு நல்லது. சிரட்டை சட்டென்று சூட்டை ஏற்றிவிடும், சமையலுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் அரை ஏக்கர்க்காரர் ஒருவரால் ஆகுமா என்றால், ஆகாது. நாளொன்றுக்கு அவருக்குக் கிடைப்பது சில ஷீட்டுகளே. அவற்றுக்காக இரவு பகல் தீ வளர்த்தால் விறகுச் செலவே மிஞ்சும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து நாளுக்குப் பத்து ஷீட்டு வீதம் கொண்டுவந்தால் 100 ஷீட்டு, ஏறக்குறைய 50 கிலோ. புதிய ஷீட்டின் ஈரம் காய்ந்ததன்மேல் படியாதிருக்க, புரையை நான்கு சிறிய அறைகளாகத் தடுத்து, அறைக்கொரு அடுப்பு வைத்து, அன்றன்றைய சரக்கை அன்றன்றைய அறையில் ஏற்றலாம். சங்கம் நுழையத் தக்க இடம் இதுவே. ஷீட்டில் குடும்ப அடையாளமும், கணக்குப் புத்தகத்தில் எண்ணிக்கையும் இல்லாவிட்டால் மூன்றாம் மாதமே மனஸ்தாபம் வந்துவிடும். பாலாகவே வாங்கிக்கொள்ளும் இடம் பக்கத்தில் இருந்து, விலையும் ஒத்துவந்தால் புகைப்புரையே வேண்டாம். அதையும் கணக்குப் பார்த்த பின் கல் இறக்குங்கள்.

கட்டி முடித்தவுடன் ஷீட்டை ஏற்றிவிடாதீர்கள். களிமண் ஈரம் போகும்வரை சில நாள் சிறு தீயே இடவேண்டும். அதன்பின் வெறும் புரையிலே ஓர் இரவு முழுத் தீ வளர்த்து, சுவரில் எங்கே புகை கசிகிறதென்று பார்த்து அடைத்துக்கொண்டு, மறுநாள் முதல் ஷீட்டைத் தொங்கவிடலாம்.